ஐந்து ஏக்கருக்கு எத்தனை கழுதை?

மகன்,

நீ அனுப்பிய திட்டத்தை மூன்று தரம் வாசித்துவிட்டேன். கைபேசியில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால் மன்னார் டவுனுக்குப் போய் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பது பக்கம். அச்செடுத்துத் தந்த பெடியன் "அன்ரி, கம்பஸிலை படிக்கிறீங்களோ?" என்று கேட்டான். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது பொய் என்று உறைத்தது. ஆனால் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா? வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

இலுப்பைக்கடவையில் இருநூறு ஏக்கர் வயலை ஒரே தொகுதியாக்கி, இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இல்லாமல் நெல் விளைவிக்கும் பொறுப்பைக் கமக்காரர்கள் உன்னிடம் தரப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கூட்டத்தில் சம்மதித்தால் மறுநாளே நீ வவுனியா வேலையை விட்டு அங்கே போய்த் தங்கப் போகிறாய். அந்த இருநூறுக்குள் எங்களுடைய ஐந்து ஏக்கரும் இருக்கிறது. "அம்மா, நீங்கள் கையெழுத்து வைச்சால் மற்ற ஆக்களும் வைப்பினம்" என்று நீ சொன்னபோது, "வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டேன். இதுதான் பதில். உனக்கு எழுதுகிறேன், ஆனால் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நீ இதை வாசிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் தெரியாதவர்களுக்காகத் திரும்பச் சொல்லுகிறேன். பொறுத்துக்கொள்.

ஆறாம் பக்கம் வரைக்கும் என் பென்சில் நன்றாக ஓடியது. ஓரங்களில் "நல்லது", "இது எப்படி?", "எவ்வளவு நாள் பிடிக்கும்?" என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனேன். ஏழாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. "மன்னார் கீரிக் கடற்கரையில் ஒதுங்கும் சாதாளையை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிவந்து, விதைப்புக்கு முன் வயலில் பரப்புதல். இம்முறை எனது தாயாரின் தோட்டத்தில் நல்ல பலன் தந்துள்ளது" என்று நீ எழுதியிருக்கிறாய். எழுதியது உண்மை. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை நான் உனக்குச் சொல்லவில்லை. அந்தப் பாதி தெரியாமல் நீ இருநூறு ஏக்கரில் கை வைத்தால் அறுபது குடும்பத்தின் ஒரு வருடச் சோறு போய்விடும்.

முதலில் தோட்டத்தைச் சொல்லுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்ல எனக்கு ஆசை. போர்க்கால இடம்பெயர்வில் என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், நின்ற இடத்திலிருந்து உன் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். உன் விவசாயப் புத்தகத்தை உன்னைவிட நான்தான் அதிகம் வாசித்தேன் என்று இப்போதாவது ஒப்புக்கொள். விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனை எழுதுவது போல எனக்கென்று ஒரு கொப்பி வைத்தேன்: நோக்கம், செய்முறை, அவதானம், முடிவு. முதல் பரிசோதனை, எங்கள் கீரிக் கடற்கரை மணலில் கத்தரி வருமா என்பது. பதினாலு கன்று நட்டேன். சாணத்துக்கு மாடு இல்லை. மன்னார் டவுனில் கழுதைக்குக் குறைவா? பஸ் நிலையத்தடியில் சாக்கும் சிரட்டையுமாக நான் குனிந்து குனிந்து பொறுக்கினேன். நீ வெள்ளைச் சீருடையோடு பத்தடி தள்ளி, யாரோ முன்பின் தெரியாத அன்ரி என்ற மாதிரி நடந்து போனாய். உன் அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "எல்லா மனுசிமாரும் டவுனுக்கு மீன் வாங்கப் போறவை. என்ரை மனுசி கழுதைச் சாணிக்குப் போறா. விலை குறைச்சுத் தந்ததோடி கழுதை?"

பிறகுதான் சாதாளை வந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முடிகிற நேரம் கடற்புல் கரையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதைத்தான் சாதாளை என்கிறோம். சும்மா கிடந்து அழுகுகிற ஒன்றை மண்ணுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றியது. கடலில் இருந்து வந்தது என்பதால் உப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். மீன் கூடையில் போட்டுக் கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசுவேன். மூன்றாம் தரம் வடிகிற தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். கிணற்றுத் தண்ணீரின் ருசிதான் என்றால் மண்ணுக்குப் போகும். கொஞ்சமாவது கரித்தால் நாலாம் தரம் அலசுவேன். அந்தக் கத்தரிகள் காய்த்த காய்ப்பை நீ கண்டாய். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து, கடைசியில் அவர்கள் என்னைக் கண்டால் படலையைச் சாத்தினார்கள்.

அன்றைக்குக் கொப்பியில் "முடிவு" என்பதற்குக் கீழே ஒரு கேள்வியும் எழுதினேன். "பதினாலு கன்றுக்கு மூன்று சாக்குச் சாணம் போனது. ஐந்து ஏக்கருக்கு எத்தனை கழுதை வேண்டும்?" உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னார்க் கழுதை எல்லாம் சேர்ந்தாலும் காணாது. இந்தியாவிலை இருந்து கப்பலிலை இறக்கவேணும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். இன்றைக்கு உன் திட்டத்தை வாசிக்கும்போது அந்தக் கேள்வி சிரிப்பாக இல்லை, மகன். பத்தொன்பது பக்கத்திலும் நான் தேடியது அதைத்தான். ஒரு கூடையில் சரியாக வருவது ஒரு வயலில் ஏன் வருவதில்லை? பெரிதாக்கும்போது என்ன மாறுகிறது?

நான் யூரியாவுக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து ஏக்கர், மலையகத்திலிருந்து வந்த என் அப்பா காடு வெட்டி எடுத்த வயல். அது என் கைக்கு வந்த முதல் வருடம் பயிர் மஞ்சளாக நின்றது. யூரியா வீசினேன். ஒரு கிழமைக்குள் பச்சை ஏறியது. உண்மையாகவே ஏறுவதைப் பார்க்கலாம் போல இருந்தது. பார்ப்பதற்காகவே இலுப்பைக்கடவையில் ஒரு கிழமை தங்கினேன். அதற்கு அடுத்த வருடம் என் புத்தி, இவ்வளவுக்கு இவ்வளவு பச்சை என்றால் இரண்டு மடங்குக்கு எவ்வளவு பச்சை என்று கேட்டது. போட்டேன். பயிர் என் இடுப்புக்கு மேலே வளர்ந்தது. மார்கழி மழைக்கு அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. எங்களுக்குக் கீழ் வயல்காரர் மாணிக்கம் அண்ணன், அவரும் மலையகத்திலிருந்து வந்தவர்தான், வரம்பில் நின்று, "என்னா தங்கச்சி, நெல்லு தூங்குது? எழுப்பி விடட்டுமா?" என்று கேட்டார். கொடுக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் "இன்னும் கொஞ்சம்" என்ற ஆசை ஒன்றுதான் என்று அப்போதே நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்திய வருடம் நீ டிப்ளோமாப் படிப்பில் இருந்தாய். கடையில் யூரியா இல்லை. எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். என் கொப்பியில் விடை இருக்கிறது என்று நினைத்தேன். உன் அப்பாவும் கூட்டாளிமாரும் கடலுக்குப் போகாத நாட்களில் சாதாளையை வாரி ஏற்றித் தந்தார்கள். இருபது பெட்டி. உழவு இயந்திரம் மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து போகும்போது சாரதிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். ஏதோ தேர் இழுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. மாணிக்கம் அண்ணன், "கடலத் தூக்கி வயலுக்குக் கொண்டாந்துட்ட போ. அப்ப மீனு எப்ப வரும்?" என்றார். நான் அவருக்குப் பெரிய விளக்கம் எல்லாம் கொடுத்தேன்.

கழுவினாயா என்று நீ கேட்பாய். ஒரு கூடைக்கு மூன்று வாளி தண்ணீர் வேண்டும். இருபது பெட்டிக்கு? ஒரு நாள் முழுக்க அதைக் கணக்குப் பார்த்தேன். ஊரில் உள்ள எல்லாக் கிணற்றையும் இறைத்தாலும் முடியாது. அப்போது கொப்பியை மூடிவைத்துவிட்டு, "ஐப்பசி மழை கழுவும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரப்பி, உழுது, விதைத்தேன். மழை பிந்தியது. முதலில் ஒரு தூறல். முளைக்க அது போதும். அதற்குப் பிறகு மூன்று கிழமை வெயில். இலை நுனிகள் வெள்ளையாகி, பிறகு தீயில் வாட்டியது போல ஆயின. வரம்போரத்தில் மண்மீது பூத்தது போல ஒரு வெள்ளைப் படிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது, மகன். சந்தேகமே இல்லை. பிறகு மழை வந்தது, அடித்து ஊற்றியது. என் வயலைக் கழுவி, வடிகாலால் இறக்கி, மாணிக்கம் அண்ணனின் வயல் மூலையில், தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கொண்டுபோய் விட்டது.

அன்றைக்குப் பின்னேரம் நீ போன் எடுத்தாய். "அம்மா, வயல் எப்படி?" என்றாய். "பசளை இல்லை, நெல் போச்சுது" என்றேன். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எல்லாருக்கும் அது உண்மைதான். மற்ற வயல்கள் பாதியாவது விளைந்தன. என்னுடையது ஒரு மூட்டை கூட வரவில்லை. அந்த வித்தியாசத்தை யாரும் கேட்கவில்லை. கொப்பியில் "முடிவு: இரசாயனப் பசளை கிடைக்காததால் பயிர் அழிந்தது" என்று எழுதினேன். அவதானம் என்ற இடத்தில் இலை நுனியைப் பற்றியும் வெள்ளைப் படிவைப் பற்றியும் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அப்படி ஒரு முடிவு எழுதினேன். ஒரு பிள்ளை அப்படி எழுதினால் ரீச்சர் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவார். கத்தரிக்காயைப் பற்றி மட்டும் உனக்குத் திரும்பத் திரும்பப் பெருமையாகச் சொன்னேன். அதுதான் உன் ஏழாம் பக்கமாக வந்து நிற்கிறது.

நேற்று விடியற்காலை பஸ்ஸில் இலுப்பைக்கடவைக்குப் போனேன். கூட்டத்தில் உன் வாயால் கேட்பதற்கு முன் மாணிக்கம் அண்ணன் என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த மூலையில முனி இல்லையா?"

எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டு போகமா அந்த மூலையில ஒண்ணும் மொளைக்கல. முனி எறங்கியிருக்குன்னு ஒரு கல்ல நட்டு வச்சு, நல்ல சேவலா பாத்து அறுத்தேன். எங்க ஊட்டுக்காரி வளத்த சேவல். பத்து நாளு எங்கூட பேசல அவ."

"அண்ணே, அது உப்பு."

"சேவல் அறுத்த பெறகு தேறுச்சே!"

"ரெண்டு மழைக்காலம் கழுவினதால தேறுச்சு அண்ணே."

"மழைய அனுப்புனது யாரு?" என்றார். சிரிப்பு வந்தது, அவர் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன். "ரெண்டு போகம் தங்கச்சி," என்றார் பிறகு, மெதுவாக. "அந்த மூலை நெல்லுதான் எங்களுக்கு சாப்பாட்டுக்கு வைக்கிறது. நீ அன்னைக்கே சொல்லியிருந்தா வடிகால வேற பக்கம் வெட்டியிருப்பேன்." இவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கிளம்பும்போது, "ஒங்க மகன் அந்தக் கடல எங்க தலையில கொட்டுறதா இருந்தா நா கையெழுத்து வைக்க மாட்டேன். இதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சு, அதுக்கு ஒரு வழி சொல்லட்டும். அப்பறம் யோசிக்கிறேன். அந்தச் சேவலுக்கு நீதான் பொறுப்பு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வெட்கம் ஒரு பக்கம் இருக்க, மூளை மறுபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. என் சுபாவம் உனக்குத் தெரியும். அந்த முனி மூலை, யாரும் திட்டமிடாமல் நடந்த ஒரு பரிசோதனை இல்லையா? தேங்குகிற பள்ளத்திலேயே இரண்டு மழைக்காலத்தில் உப்பு போய்விட்டது. அப்படியென்றால் சாதாளையை வயலுக்குக் கொண்டுபோகாமல், கரையிலேயே உயரமாகக் குவித்து ஒரு மழைக்காலம் நனைய விட்டால்? உப்பு வந்த கடலுக்கே திரும்பிப் போகாதா? குவித்து நனைய விடுகிற யோசனை எனக்கு நேற்று வந்ததில்லை; முனி மூலை அதற்கு இன்னொரு சாட்சி. போன கார்த்திகைக்கு முன்னமே வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் போட்டு வைத்திருக்கிறேன். மழை முடிந்ததும் அதன் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து எடுத்து மூன்று எண்ணெய்த் தகரத்தில் மண்ணோடு கலந்து நெல் போட்டேன். நாலாம் தகரத்தில் வெறும் மண். மேற்பகுதி போட்டது நன்றாக வளர்கிறது. நடுப்பகுதி போட்டது வெறும் மண்ணைவிடக் கொஞ்சம் கட்டை. அடியிலிருந்து எடுத்தது முளைத்துக் கருகிவிட்டது. அப்படியானால் குவியல் உயரமாக இருக்கக் கூடாதா? நடுவில் ஒருதரம் புரட்ட வேண்டுமா? எனக்குத் தெரியாது. நாலு தகரம் இருநூறு ஏக்கருக்குச் சாட்சி சொல்லவும் முடியாது. அந்தப் பிழையை ஒருதரம் செய்தவள் நான்.

மற்றப் பக்கங்களிலும் எனக்குக் கேள்விகள் உண்டு. பதினோராம் பக்கத்தில் "களைகள் ஆட்களைக் கொண்டு பிடுங்கப்படும்" என்று எழுதியிருக்கிறாய். இருநூறு ஏக்கரிலும் கோரை ஒரே கிழமையில்தான் தலை தூக்கும். அந்த ஆட்கள் யார்? கூட்டத்தில் உனக்கு முன்னால் இருக்கிற அதே பெண்கள்தான். அவர்கள் தங்கள் வயலில் பிடுங்குவார்களா, உன் அட்டவணைப்படி அடுத்தவர் வயலுக்குப் போவார்களா? களைகொல்லி அடித்து ஒரு ஆள் ஒரு நாளில் முடித்த வேலை அது; அதே ஆளுக்கு அன்றிரவு தலையிடியும் வாந்தியும் வந்ததை என் அப்பாவிடம் கண்டிருக்கிறேன். இரண்டையும் சொல்லு. ஒன்றை மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றி நீ எழுதிய பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மேல் வயல்காரன் போட்ட யூரியா கீழ் வயலுக்கு வரும், அதனால் தனியாக ஐந்து ஏக்கர், இரசாயனம் சேராத சேதன வயல் என்பது பெயரளவில்தான், ஒரே வாய்க்காலில் இருக்கிற எல்லாரும் சேர்ந்தால்தான் அது உண்மையாகும் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோது என் உப்பு மாணிக்கம் அண்ணனின் மூலைக்குப் போன வழி கண்ணுக்குத் தெரிந்தது. பெரிதாக்கினால் பிழையும் பெரிதாகும் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். சிலது பெரிதாக்கினால்தான் சரியே வரும் என்று நீ காட்டினாய். இது என் கொப்பியில் இல்லாத விசயம். நன்றி, மகன்.

ஆகவே கையெழுத்து வைக்கிறேன். ஐந்து ஏக்கரையும் எடுத்துக்கொள். ஏழாம் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு வேறு எழுது. முதல் வருடம் சாதாளை வேண்டாம். கரையில் குவித்து மழைக்கு விடு. அடுத்த வருடம் எங்கள் வயலில் அரை ஏக்கரில் போட்டுப் பார். வடிகாலை முதலில் மாணிக்கம் அண்ணனின் பக்கத்திலிருந்து திருப்பு. இலை நுனி வெளுத்தால் அன்றைக்கே அவரிடம் ஓடிப்போய்ச் சொல். திட்டத்தில் எங்கெல்லாம் உனக்கு நிச்சயமில்லையோ அங்கெல்லாம் "தெரியாது, பார்க்க வேண்டும்" என்று எழுது. அழகாக இராது. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் அப்படி எழுதின திட்டத்தை எடுப்பார்களோ எனக்குத் தெரியாது. வயலில் நிற்கிறவர்கள் எடுப்பார்கள்.

என் கொப்பியில் அந்தப் பழைய வரியை வெட்டிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: "முடிவு: கழுவாமல் போட்டேன். உப்பால் அழிந்தது. என் வயலோடு நிற்கவில்லை." கொப்பியையும் கொண்டுவருகிறேன், யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால்.

சேவலும் வாங்கியாயிற்று. சிவப்பு, நல்ல கொண்டை. உன் அப்பா அதற்கு ஏழாம் பக்கம் என்று பெயர் வைத்து, நேற்றிலிருந்து "ஏழாம் பக்கம், வா, அரிசி தின்" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார். அறுக்கவேண்டாம், வளர்க்கட்டும் என்று மாணிக்கம் அண்ணனின் மனைவியிடம்தான் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நானும் அப்பாவும் பஸ் ஏறுவோம். கூட்டம் நடக்கிற பொதுநோக்கு மண்டபத்தில் முன்வரிசையில் மடியில் சேவலோடு இருப்பேன். இதை உரத்து வாசி. அது நடுவில் கூவினாலும் நிறுத்தாதே.

அம்மா